ரூட் என்ற சொல்லுக்குப் பத்து வாக்கியங்கள்

மே 7, புதன்

ஆர் எழுத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலச் சொற்புத்தகம். ஒரு சொல்லுக்குப் பத்து வாக்கியம், அத்தனையும் 'அன்றாட வாழ்க்கையிலிருந்து' வரவேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

நாளைக்கான சொல்: ரூட். மரியாதை இல்லாமல் நடந்துகொள்வது, முகத்தில் அடித்த மாதிரி பேசுவது. இதற்கா வாக்கியம் கிடைக்காது? ரயிலில் ஏறி, ஆபீஸ் இருக்கிற ஹப்ஜொங்கில் இறங்குவதற்குள் பத்து என்ன, முப்பது கிடைக்கும். இன்று காலை ஒரு பெரியவர் குடை முனையால் என் விலாவில் குத்திக்கொண்டே ஏறினார். திரும்பிப் பார்த்தேன். "என்ன பார்வை?" என்றார். மன்னிப்புக் கேட்டது நான்தான்!

இறங்கியதும் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த முதியவர் ரயிலில் ரூடாக நடந்துகொண்டார். ஒன்று முடிந்தது.

மே 8, வியாழன்

பெற்றோர் தினம். நாரே பள்ளிக்குப் போகும் முன் என் சட்டையில் கார்னேஷன் பூவைக் குத்திவிட்டாள். "அம்மா, இன்னிக்கு ஒரு நாளாவது ஆபீஸ்ல சண்டை போடாம வா" என்றாள். பதினைந்து வயசு. எனக்கே புத்தி சொல்கிறாள்.

பத்து வாக்கியமும் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் இத்தனை சுலபமாக எந்தச் சொல்லும் வந்ததில்லை.

மே 9, வெள்ளி

பத்தில் ஏழு திரும்பி வந்துவிட்டது. என் மேலதிகாரி ஓக் சார் சிவப்பு மையை ஊற்றித் தள்ளியிருக்கிறார்.

"ஏம்மா ஹ்யேரான், இந்தப் புஸ்தகத்தை யாரு வாங்கறா?"

"பிள்ளைங்க, சார்."

"காசு குடுக்கறது யாரு?"

"அவங்க அப்பா அம்மா."

"அப்ப வாக்கியத்தைப் பாரு. ரயில்ல பெரியவர் ரூட். ஆபீஸ்ல மேலதிகாரி ரூட் — இது யாருன்னு நான் கேக்கல. பெரியம்மா ரூட். டாக்டர் ரூட். ஒரு வீட்ல இதைப் பிரிச்சுப் பாத்தா என்ன நினைப்பாங்க? பெரியவங்க எப்பிடிம்மா ரூடா இருக்க முடியும்? திருப்பிப் போடு. சின்னவங்களை முன்னாடி கொண்டா."

திருப்பிப் போட்டேன். அந்தப் பையன் ரயிலில் முதியவரிடம் ரூடாக நடந்துகொண்டான். அந்தச் சிறுமி டாக்டரிடம் ரூடாகப் பேசினாள். குடையால் குத்து வாங்கியவள் நான், கெட்ட பெயர் ஏதோ ஒரு பையனுக்கு.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது என்பதுதான் இன்னும் எரிச்சல். நம் பேச்சில் இந்தக் குற்றச்சாட்டு மேலேயிருந்து கீழேதான் இறங்கும். பெரியவர் சின்னவரைச் சொல்லலாம். சின்னவர் பெரியவரைச் சொல்லவேண்டுமென்றால் — எதைச் சொல்ல? வாயைத் திறந்த உடனே குற்றவாளி நாம்தான்.

மே 12, திங்கள்

இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி. பத்தாவது. எட்டு முறை எழுதிக் கொடுத்தேன், எட்டு முறையும் திரும்பியது. "உப்புச்சப்பே இல்லையேம்மா." உப்புப் போட்டால் காரம் என்கிறார், இல்லாவிட்டால் சப்பென்று இருக்கிறது என்கிறார்.

தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தேன். நாரே சோற்றுக் கிண்ணத்தோடு நின்றபடியே படித்தாள்.

"அம்மா, இதுல ஏன் எல்லாத்துலயும் சின்னப் பசங்களே ரூடா இருக்காங்க?"

"புஸ்தகம் விக்கணும்ல."

"அடிச்சு வச்சிருக்கறதுதான் நல்லா இருக்கு. 'மேலதிகாரி ரூட்.' சின்னதா, பட்டுன்னு இருக்கு. இது ஓக் சார்தானே?"

"சாப்பாட்டைப் பாத்து சாப்பிடு."

சிரித்தாள். அடித்த வாக்கியங்களை உரக்கப் படித்துக்கொண்டே போய்க் கிண்ணத்தைக் கழுவினாள்.

மே 16, வெள்ளி

எழுதினாலாவது மனசு அடங்குமா பார்க்கலாம்.

நாரேயின் வகுப்பாசிரியை கூப்பிட்டார். நேற்று ஆசிரியர் தினம். பிள்ளைகளெல்லாம் பாட்டுப் பாடி முடித்த கையோடு அறிவியல் வகுப்பு. பாங் சார் இடைப்பருவத் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மின்சோல் என்று ஒரு பெண், நாரேயின் பக்கத்து இருக்கை. அவள் அம்மா பொது வெந்நீர்க் குளியல் இல்லத்தில் வருகிறவர்களுக்கு முதுகு தேய்த்துவிடுகிற வேலை செய்கிறவர். பாங் சார் தாளை நீட்டிக்கொண்டே, "இந்த மார்க்குக்கு நீயும் உங்கம்மாகூடப் போய் முதுகு தேய்க்க வேண்டியதுதான்" என்றாராம். வகுப்பே சிரித்ததாம்.

என் மகள் எழுந்து நின்றிருக்கிறாள். "சார், நீங்க இப்பப் பேசினது ரூட்" என்றிருக்கிறாள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில். மற்றதெல்லாம் முழு மரியாதையோடு.

"இங்கிலீஷ்ல சொன்னதுதான்மா அவருக்கு ரொம்பப் பட்டுடுச்சு" என்றார் வகுப்பாசிரியை. "எங்கேருந்து கத்துக்கிட்டாளோ தெரியல."

எனக்குத் தெரியும். என் சாப்பாட்டு மேசையிலிருந்து.

மே 17, சனி

சண்டை. காலை எட்டு மணிக்கே.

நாரே தன் தவறை உணர்ந்து, தன் கையால், பாங் சாருக்கு ஒரு தாளின் இரண்டு பக்கமும் நிறைய மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டுமாம். அவ்வளவுதான். நாங்களெல்லாம் பள்ளியில் எத்தனை எழுதியிருக்கிறோம்! கை வலிக்கும், முடிந்தது, மறந்தது.

"எழுத மாட்டேன்."

"ரெண்டு பக்கம்டி. அரை மணி நேரம்."

"ரூடா பேசினது அவரு. நான் எதுக்கு எழுதணும்?"

"அவரு சார். உனக்கு நாப்பது வயசு மூத்தவரு."

"நாப்பது இல்ல, முப்பத்தேழு. அதனால?"

அதனால என்ன? கத்தினேன். "மின்சோலே சும்மா உக்காந்திருந்தா, உனக்கு என்னடி வந்துச்சு?"

அதற்கு அவள் கத்தவில்லை. "மின்சோல் அழுதுக்கிட்டிருந்தா, அம்மா. நீ பாக்கல" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

மே 20, செவ்வாய்

வகுப்பாசிரியை மறுபடி. சர்க்கரை தடவிய குரல்.

"நாரே அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பம் போடப் போறால்ல? பரிந்துரைக் கடிதம் அறிவியல் வாத்தியார்தான் குடுக்கணும். எங்க ஸ்கூல்ல நாரே படிக்கிற மூணாம் வருஷத்துக்கு பாங் சார் ஒருத்தர்தான். ஜூன் இருபத்தேழுக்குள்ள முடிவு பண்ணணும். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்ல வரல, நாரே அம்மா. நாரே மனசு தெளிஞ்சா எல்லாம் தானா சரியாயிடும்."

சம்பந்தம் இல்லையாம்!

ஐந்து வயசில் அலமாரிக்குள் பாசிப்பயறு வைத்து, இருட்டில் எப்படி முளைக்கிறது என்று நாள் நாளாகக் குறித்து வைத்தவள் நாரே. அந்தப் பள்ளியின் பெயரை நாலாம் வகுப்பிலிருந்து சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். அது போய்விட்டால் என் மகள் என்ன ஆவாள்? இரண்டு பக்கக் கடிதத்துக்காகவா?

அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். கோஜே கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறார், மாதத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவார். பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம். "நீதான் எழுதறதுல கெட்டிக்காரியாச்சே, அவளுக்கு நல்லபடியா எடுத்துச் சொல்லு" என்று வைத்துவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

மே 25, ஞாயிறு

நாரே வெளியே கட்டணப் படிப்பறைக்குப் போயிருக்கிறாள், மத்தியானம்தான் வருவாள்.

எழுதிவிட்டேன்.

இரண்டு பக்கம். அவள் கையெழுத்தில். எழுத்துகள் கொஞ்சம் இடப்பக்கம் சாயும், வட்டங்களை முழுக்க மூடாமல் விடுவாள். பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு தாள் பாழாக்கினேன், ஐந்தாவதில் அவளே எழுதின மாதிரி வந்துவிட்டது. 'அவசரத்தில் என் நா முந்திக்கொண்டது. வழிகாட்டுபவரின் கண்டிப்பைக் கண்டிப்பாகவே பார்க்கத் தெரியாத சிறுபிள்ளைத்தனம்.' நன்றாகத்தான் இருக்கிறது. வாக்கியம் எழுதுவதில் எனக்கென்ன குறை?

தினமும் ஊர் பேர் தெரியாத பையன்களுக்கும் சிறுமிகளுக்குமாக எழுதுகிறேன். என் பெண்ணுக்காக ஒரு தடவை எழுதக்கூடாதா?

ஏன் இப்படிக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

மே 27, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. கடிதத்தை உறையில் போட்டு வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். வெறும் கையோடு வந்தது உறுத்தியது. ஆனால் ஆசிரியருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தாலும் இப்போது சட்டப்படி குற்றம். காபி கொடுக்கக்கூடாது, பொய்க் கடிதம் கொடுக்கலாம்.

"நாரே தானா எழுதினாளா?" என்றார்.

"ஆமா, டீச்சர். ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து எழுதினா."

மே 29, வியாழன்

பாங் சார் அதை வகுப்பில் படித்திருக்கிறார். சத்தமாக. இரண்டு பக்கமும். நாரேயை எழுந்து நிற்கவைத்து.

அவர் படிப்பார் என்று நான் நினைக்கவே இல்லையே.

அவள் வீட்டுக்கு வந்தாள், செருப்பைக் கழற்றி நேராக வைத்தாள், என் முன்னால் வந்து நின்று இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டாள்.

"நான் வந்துட்டேங்க, அம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"நாரே, நான் சொல்றதைக் கேளு—"

"சொல்லுங்க. கேட்டுக்கறேங்க."

பிறந்து வாய் திறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்று சொன்னவள். அவள் அப்பாவையும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். 'நீங்க' என்பது வெளியாளுக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு. வங்கியில் வரிசையில் நிற்கிறவருக்கு.

மே 30, வெள்ளி

"உங்களுக்கு மழைக் கோட்டு எடுத்து வச்சிருக்கேங்க. ஜாக்கிரதையா போயிட்டு வாங்க."

ஜூன் 1, ஞாயிறு

அவள் அப்பா வந்திருந்தார். அவரிடம் வழக்கம் போல "அப்பா, எனக்கு என்ன வாங்கிட்டு வந்த?" என்றாள். திரும்பி என்னிடம், "நீங்க டோஃபு குழம்புக்கு உப்பு பாத்தீங்களா?"

அந்த மனிதர் சிரிக்கிறார்! "மரியாதையா பேசறா, நல்லதுதானே? எங்க ஃபோர்மேன் பொண்ணு அவரைப் பேரு சொல்லியே கூப்பிடுது."

அவர் முகத்தில் கரண்டியை எறியாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு கொடுக்கலாம்.

ஜூன் 4, புதன்

மின்தூக்கியில் ஏழாம் மாடி அம்மா. நாரே எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு "நீங்க முதல்ல போங்க" என்றாள். அந்த அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பிள்ளையா! எப்பிடிங்க வளத்தீங்க?"

எப்படி வளர்த்தேனா? சொல்லட்டுமா?

இவள் கதவை அறைந்தால் தாங்கிக்கொள்வேன். தட்டை எறியட்டும். 'நீயெல்லாம் ஒரு அம்மாவா'ன்னு கத்தட்டும். இந்த மரியாதையைத்தான் தாங்கமுடியல. என் ஆயுசில் இதைவிட ரூடாக என்னிடம் யாரும் நடந்துகொண்டதில்லை. குடைக்காரர்கூட.

பத்தாவது வாக்கியம் இன்னும் பாக்கி. ஓக் சார் தினமும் மேசைக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமுகிறார்.

ஜூன் 7, சனி

முதுகும் கழுத்தும் இறுகிப்போய் வலி. காலையில் குளியல் இல்லத்துக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகப் போகிற இடம் பழுதுபார்க்கிறார்கள் என்று சந்தைக்குப் பின்னால் இருக்கிற வேறொன்றுக்கு. வெந்நீரில் ஊறிவிட்டு, முதுகு தேய்க்கிற கட்டிலில் குப்புறப் படுத்தேன். கறுப்பு உள்ளாடையில் ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், வாளி நீரை என் மேல் ஊற்றி, கையில் சொரசொரப்பு உறையை மாட்டிக்கொண்டார். நல்ல பலமான கை.

பாதி முதுகு முடிந்ததும் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நாரே அம்மாதானே நீங்க? போன வருஷம் விளையாட்டு விழாவுல பாத்திருக்கேன். நான் மின்சோல் அம்மா."

எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. சோப்பு வேறு. எங்கே ஓட?

"படுத்துக்குங்க, படுத்துக்குங்க. பக்கவாட்டுல திரும்புங்க." கையைத் தூக்கி அக்குளுக்குக் கீழே தேய்த்தார். தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க பொண்ணு எனக்காகப் பேசிச்சாமே. மின்சோல் வந்து சொன்னா. பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். என்னை வச்சுப் பேசினவங்க நிறையப் பேரு. எனக்காகப் பேசினது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"அப்புறம் மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துச்சாம். பாவம், என்ன பண்ணும், படிக்கிற பிள்ளை. நான் ஒண்ணும் நினைக்கலைன்னு சொல்லுங்க."

மல்லாக்கப் படுக்கச் சொன்னார். அப்போதுதான் அழுகை வந்தது. அவர் என்ன நினைத்தாரோ, ஒரு குவளை வெந்நீரை மெதுவாக என் நெற்றியிலிருந்து ஊற்றினார், முகம் முழுக்க நனைகிற மாதிரி. அதோடு அழுதது தெரியாமல் போயிற்று.

ஜூன் 9, திங்கள்

அச்சுக்கு முந்தைய தாள்கள் வந்தன. ரூட் என்ற சொல்லுக்குப் படமும் போட்டிருக்கிறார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி, எதிரே தலையைக் குனிந்து, புண்பட்ட முகத்தோடு ஒரு ஆசிரியர். கீழே என் வாக்கியம்: அந்தச் சிறுமி தன் ஆசிரியரிடம் ரூடாகப் பேசினாள்.

சிறுமிக்கு வட்டக் கண்ணாடி. நாரேக்கும் வட்டக் கண்ணாடிதான். படம் போட்டவருக்கு நாரேயைத் தெரியாது. ஆனால் வாக்கியம் போட்டவளுக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

பள்ளிக்குப் போனேன்.

நாலு மணி. ஆசிரியர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் கணினியில். பாங் சார் காலில் ரப்பர் செருப்பு, மேசையில் ஒரு சின்னக் கள்ளிச்செடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார். நான் வரும்போது நினைத்துக்கொண்டிருந்த ராட்சசன் இல்லை. அதுவே பாதித் தைரியத்தைக் கொண்டுபோய்விட்டது.

"அந்தக் கடிதம் நாரே எழுதினது இல்ல, சார். நான் எழுதினேன். அவளுக்குத் தெரியாது. தப்பு என்னோடது. அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்" என்றார். "பதினஞ்சு வயசுப் பொண்ணு அப்பிடி எழுத மாட்டா. முதல் பத்தியிலயே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா சார் படிச்சீங்க? அவளை நிக்கவச்சு?"

"நாரே அம்மா, முப்பது பிள்ளைங்க முன்னாடி என் முகத்துல கரியைப் பூசினா உங்க பொண்ணு. அந்த முப்பது பேர் முன்னாடியே அதைத் துடைச்சாகணும். யாரு எழுதினதுங்கறது எனக்கு முக்கியமில்ல. நீங்களும் வேலைக்குப் போறவங்க, உங்களுக்குப் புரியும்."

புரிந்தது. அதுதான் கொடுமை. புரிந்ததால் வழக்கம் போலத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்திருப்பேன். நாற்காலியிலிருந்து எழுந்தும்விட்டேன். எழுந்தபோது அவர், "பரிந்துரையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, அந்த முதுகு தேய்க்கிற அம்மா பொண்ணோட சகவாசத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க, போதும்" என்றார்.

என் கழுத்துக்குப் பின்னால் அந்த அம்மா தேய்த்த இடம் இன்னும் காந்துகிற மாதிரி இருந்தது.

சொல்லவேண்டும். என்ன சொல்ல? அவருக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்து நாலு. அவர் ஆசிரியர், நான் பிள்ளையை அவரிடம் விட்டவள். எங்கள் மொழியில் எனக்குத் தெரிந்த அத்தனை சொற்களையும் துழாவினேன், எல்லாம் கீழே பார்த்துத்தான் போகின்றன. மேலே போகிற சொல் ஒன்றுகூட இல்லை. கடைசியில் என் மகள் எடுத்ததைத்தான் நானும் எடுத்தேன்.

"சார், நீங்க பேசறது ரூட். அன்னிக்குப் பேசினதும் ரூட்."

அறையில் இருந்த தலைகளெல்லாம் கணினியிலிருந்து திரும்பின. பழக்கதோஷம், இடுப்பு வரை குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதை நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது, ஆத்திரமாகவும் வருகிறது.

பரிந்துரை போயிற்று. என் வாயால் போயிற்று.

ஜூன் 12, வியாழன்

ஆசிரியர் அறையில் வீட்டுப்பாட நோட்டுகளை வைக்கப் போன ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் வகுப்புப் பிள்ளைகளின் கைபேசிக் குழுவில் செய்தி போய்விட்டதாம்.

"நேத்து ஸ்கூலுக்கு வந்தீங்களாம்" என்றாள் நாரே.

"வந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். பரிந்துரை கிடைக்காது என்பதையும் சொன்னேன். நாரே சோற்றுப் பானையைப் பார்த்தபடி கண்ணீர் விட்டாள். அந்தப் பள்ளிக்காக விட்டது, எனக்குத் தெரியும். நான் தொடப் போனேன், நகர்ந்துகொண்டாள்.

"சொன்னதுக்கு நன்றிங்க" என்றாள்.

இன்னும் 'ங்க'. நான் என்ன எதிர்பார்த்தேன்? ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்றா?

ஜூன் 17, செவ்வாய்

பாங் சாரிடம் சொல்லவேண்டியதை அவரிடம் சொன்னேன். நாரேயிடம் சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். ஐந்து நாள் ஆயிற்று எனக்கு இது உறைக்க.

பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் அம்மா கேட்டதில்லை. அடித்த அன்றைக்குப் பழம் நறுக்கிக் கொண்டுவந்து வைப்பாள், அவ்வளவுதான். நானும் நேற்று முலாம்பழம் நறுக்கி வைத்தேன். "நன்றிங்க" என்று ஒரு துண்டு சாப்பிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

ஓக் சாரிடம் பத்தாவது வாக்கியத்தைக் கொடுத்தேன். அந்த அம்மா தன் மகளிடம் ரூடாக நடந்துகொண்டாள்.

"மறுபடியும் பெரியவங்களா? ஏம்மா, உனக்கு எத்தனை தரம்—"

"சார், அந்த அம்மா நான்தான். எனக்கு ஆட்சேபம் இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "எந்தப் பெத்தவங்களாவது போன் பண்ணாங்கன்னா உன் நம்பரைத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பச்சை மையில் ஒரு கோடு போட்டார். பதினோரு வருஷத்தில் பெரியவர்களைக் குறை சொல்கிற வாக்கியம் ஒன்றை அவர் விட்டது இதுதான் முதல் தடவை.

படத்தையும் மாற்றச் சொன்னேன். அதற்கு நேரமில்லையாம். சரி.

ஜூன் 25, புதன்

எழுதினேன். என் கையெழுத்தில். ஒரு தாள், இரண்டு பக்கம். 'நாரேக்கு' என்று தொடங்கி, குளியல் இல்லத்தில் மின்சோல் அம்மாவைப் பார்த்தது வரைக்கும். நாற்பத்து நாலு வயசில் எனக்கு மன்னிப்புக் கடிதம்! வாக்கியமே வரவில்லை. எழுதுவதில் கெட்டிக்காரியாம். ஏழு தாள் கிழித்தேன்.

அவள் மேசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

"உங்க குடையை மறந்துட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 27, வெள்ளி

இன்றுதான் பரிந்துரைக்குப் பள்ளி கொடுத்த கடைசி நாள். மணி ஐந்து அடிக்கும்வரை அலுவலகத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி கழித்தேன். அந்தப் பள்ளி இல்லை என்று ஆகிவிட்டது. பக்கத்துச் சாதாரண உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போவாள், மின்சோலும் அங்கேதானாம்.

வீட்டுக்கு வந்தால் நாரேயின் அறைக்கதவு சாத்தியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பள்ளிப் பெயர்த் தாள் நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் கிடந்தது. சாப்பாட்டு மேசையில், நான் வழக்கமாக உட்கார்கிற இடத்தில், என் கடிதம். திரும்பி வந்திருக்கிறது. சிவப்பு மையோடு.

முதல் பக்கத்தில் 'நான் ஒரு தாயாக' என்ற இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில்: இது எதுக்கு? 'உன் எதிர்காலத்தை நினைத்துத்தான்' என்ற வரியை முழுக்க அடித்திருக்கிறாள். இரண்டாம் பக்கம் முழுவதும் குறுக்கே ஒரு பெரிய கோடு. வட்டங்களை மூடாத அதே கையெழுத்தில், கீழே:

'ரெண்டாம் பக்கம் பூரா சாக்கு. மின்சோல் அம்மாகிட்ட நீ என்ன சொல்லப் போறேன்னு ஒரு வரி இல்ல. நல்லாவே இல்ல, அம்மா. மறுபடி எழுது.'

நீ. எழுது.

நின்றபடியே மூன்று தடவை படித்தேன். என்ன திமிர்! பெற்றவளுக்கு, அதுவும் சிவப்பு மையில்! ஓக் சார்கூட இத்தனை இரக்கமில்லாமல் அடித்ததில்லை.

கதவைத் தட்டி, "எத்தனை பக்கம்?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் போதும்" என்றாள் உள்ளேயிருந்து. "சாப்பாடு என்ன பண்ணப் போற? பசிக்குது."

சோறு வைத்துவிட்டு, அது வேகிற நேரத்தில் ஒரு புதுத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.